கால் அங்குலப் பொய்

கையைக் கொஞ்சம் தூக்குங்கள். அவ்வளவு உயரம் வேண்டாம், போலீசிடம் சரணடைகிற மாதிரி இருக்கிறது. போதும். மூச்சை உள்ளே இழுக்காதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு இது. நாடாவைக் கண்டதும் மூச்சைப் பிடிப்பார்கள். அந்தப் பொய்யை நான் அளந்து எழுதிக்கொள்வேன். தைத்துக் கொடுத்த பிறகு இறுக்குகிறது என்று சண்டைக்கு வருவார்கள். வயிற்றை அதன் இஷ்டத்துக்கு விடுங்கள். ஐந்து மாத வயிறு. அதை யாரிடமிருந்து ஒளிக்கப் போகிறீர்கள்?

முப்பத்திரண்டரை.

சரி, இனி உன்னை ‘நீ’ என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே. இடுப்பளவு தெரிகிறவரைதான் நான் யாருக்கும் மரியாதை கொடுப்பது. அதற்குப் பிறகு ‘நீங்கள்’ என்று கூப்பிட்டால் எனக்கே சிரிப்பு வரும்.

இதுதான் அளவு ரவிக்கையா? கல்யாணத்துக்கு முந்தியதா? இருபத்தெட்டு. பார்த்தாலே தெரிகிறது. ஜாக்கெட் என்று சொல்லாதே. ஜாக்கெட் என்பது குளிர் தேசத்து ஆள் போடுகிற மேல்சட்டை. கோவில்பட்டியில் மே மாதம் ஜாக்கெட் போடுகிறவளை நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ரவிக்கை. வெளியே பலகையில் என் பேருக்குப் பின்னால் பி.லிட். என்று இருக்கிறதே, பார்த்தாயா? ஆவுடையம்மாள், பி.லிட்., மகளிர் தையலகம். அஞ்சல் வழியில் படித்தேன். அதனால்தான் நான் பேசுவது எழுதுகிற மாதிரி இருக்கும். தெருவில் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

பிள்ளை பெற்ற பிறகு இது திரும்பச் சேருமா என்றுதானே கேட்டாய்? சேரும். சேர வைக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தில்தான் போன வருஷம் நான் மாட்டிக்கொண்டேன். உட்கார். வளைகாப்பு ரவிக்கைக்குக் கழுத்து இறக்கம் எழுதி முடிக்கிறவரை சொல்கிறேன்.

பொன்ரேகா என்று ஒருத்தி. அதோ அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஹாக்கி ஆடினவள், மாவட்டத்துக்கு ஆடினவள். அவளை நான் நம்பினேன், அவள் என்னை ஏமாற்றிவிட்டாள். கேட்டால் அவள் சொல்வாள், பொய் சொன்னது ஆவுடையக்காதான் என்று. அதுவும் உண்மைதான். பொய் சொன்னவளும் நான், ஏமாந்தவளும் நான். எழுவாயும் நானே, செயப்படுபொருளும் நானே. இலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை.

அவள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்தது நான்தான். நீ கொண்டு வந்த மாதிரியே இருபத்தெட்டு. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் எந்த விசேஷமும் இல்லை. ஊரே கேட்டது. அவளுடைய மாமியார் தங்கபுஷ்பம், ஊர் கேட்கிற கேள்வியை வீட்டுக்குள் எடுத்துவந்து தினமும் ஒரு தடவை கேட்பாள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“அத்தே, முதல்ல உடம்பைத் தயார் பண்ணிக்கிடுதேன். டாக்டரும் அப்படித்தான் சொன்னாங்க.”

தயார் பண்ணுவது என்றால் காலையில் ஓட்டம், சாயங்காலம் கயிறு தாண்டுவது. இங்கே வந்தால் கூட சும்மா உட்கார மாட்டாள். நான் கொக்கி வைத்து முடிப்பதற்குள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்பாள். தொடை நடுங்கும். முகத்தில் சிரிப்பு மாறாது.

தங்கபுஷ்பத்துக்கு வயிற்றெரிச்சல். “நாங்கல்லாம் ஓடியா பெத்தோம்?” என்று என்னிடம் வந்து கேட்டாள்.

“பெற்ற பிறகு ஓடினீர்களே அக்கா, பிள்ளைகள் பின்னால். இவள் முன்கூட்டியே ஓடிப் பழகுகிறாள்,” என்றேன்.

“குதிச்சுக்கிட்டே கிடந்தா எப்படி ஆவுடை தங்கும்?”

தங்கியது. ஆவணியில் பெண் பிள்ளை. நிறைமதி என்று பேர். பேரில் மட்டும் குறை சொல்ல முடியாது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவளை நான் பார்க்கவில்லை. ‘பச்சை உடம்பு’ என்று தங்கபுஷ்பம் வாசல்படி தாண்ட விடவில்லை. பச்சை உடம்பு எத்தனை நாள் பச்சையாக இருக்கும்? நாற்பது நாள் என்பார்கள், மிஞ்சிப் போனால் மூன்று மாதம். தங்கபுஷ்பம் வீட்டில் ஐந்து மாதமாகியும் பழுக்கவில்லை. தினமும் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, அதில் நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். களி நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஹாக்கி டீமுக்குப் போடுகிற அளவை ஒருத்திக்குப் போட்டால் என்ன ஆகும்?

தை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் அந்தக் கல்யாண ரவிக்கை.

“அக்கா, இதைப் போட்டுப் பாக்கணும்.”

திரைக்குப் பின்னால் போனாள். ரொம்ப நேரமாகியும் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். மேல் கொக்கிகளை விட்டுவிடு, பால் கொடுக்கிறவளுக்கு அது கணக்கில் வராது. இடுப்புப் பட்டியில் கீழே இரண்டு கொக்கி இருக்கிறதல்லவா, அவை ஒன்றையொன்று பார்க்கவே மாட்டேன் என்றன. நடுவில் முக்கால் சாண். அவள் அழவில்லை. சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“என்னடி, யாருக்குத்தான் இல்லை இது. நாளாக ஆகச் சரியாகிவிடும்.”

“நாள் இல்லக்கா,” என்று விஷயத்தைச் சொன்னாள்.

பள்ளிக்கூடத் தாளாளர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். ரொம்ப மரியாதையான மனுஷன். “பிள்ளை பெத்தவங்களை வேலையை விட்டு அனுப்புற பழக்கம் நமக்குக் கிடையாதும்மா. ஆனா பி.டி. டீச்சர்னா ஓடணும்ல? ஜூன் முதல் வாரம் மைதானத்தை எட்டுச் சுத்து, பன்னெண்டு நிமிஷத்துல ஓடிக் காட்டுங்க. முடியலைன்னா சங்கடமே வேண்டாம், லைப்ரரில உக்காந்துக்கோங்க.”

லைப்ரரி என்றதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அவளுக்கு இப்போதுதான் கண் கலங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பள்ளிக்கூட லைப்ரரி என்பது பூட்டிய ஒரு பீரோ. சாவி தாளாளர் வீட்டில்.

“பதினாறு பிள்ளைங்கக்கா. நான் பழக்கினது. இப்ப வந்திருக்க தற்காலிக மாஸ்டருக்கு ஹாக்கின்னா என்னன்னே தெரியல. மட்டையெல்லாம் மூலைல கிடக்கு. பிள்ளைங்க கயிறு இழுத்துக்கிட்டு நிக்குதுக.”

“ஓட வேண்டியதுதானே?”

“எங்க ஓட? வீட்ல அத்தை விடணுமே. ‘நிழல்ல உக்காந்து சம்பளம் வாங்க வலிக்குதா’ங்காங்க. டாக்டர் ஓடலாம்னு சொல்லியாச்சு. அவுகளுக்கு டாக்டரை விட அவுக அம்மா சொன்னதுதான் வேதம்.” சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணுக்கா. குதிச்சா நனைஞ்சு போகுது.”

“என்ன நனைகிறது?”

பார்த்தாள் ஒரு பார்வை. எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் சொல்லி வைக்கிறேன், வெட்கப்படாதே. பெற்ற பிறகு தும்மினால், குதித்தால் இரண்டு சொட்டு போகும். நிறையப் பேருக்கு உண்டு, எவளும் சொல்லமாட்டாள். டெய்லரிடம் மட்டும் சொல்வாள், பாவாடை இரண்டு கூடுதலாகத் தைக்கச் சொல்லும்போது.

“அதுக்கு டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருக்காங்க. அடியில இறுக்கிப் பிடிச்சு, பத்து எண்ணி விடணும். உக்காந்துக்கிட்டே செய்யலாம். யாருக்கும் தெரியாது.”

“ஒழுங்காகச் செய்கிறாயா?”

“இப்பக்கூடச் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிள்ளை பயந்து அழுதது. அப்புறம் அவள் அந்த ரவிக்கையை என் மேஜையில் வைத்தாள். “இது உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. வீட்ல இருந்தா தினமும் போட்டுப் பாப்பேன், தினமும் அழுவேன். வாரம் ஒரு நாள் வந்து பாக்கேன். டி-ஷர்ட்டு இழுத்தா இழுபட்டுப் பொய் சொல்லும். ரவிக்கை பொய் சொல்லாது. நாடாவை மட்டும் எடுத்துராதீங்க. அளந்தீங்கன்னா நான் வரவேமாட்டேன்.”

ரவிக்கை பொய் சொல்லாது! இருபத்தாறு வருஷம் தையல் பிரித்த என்னிடம் சொல்கிறாள்.

நான் மற்ற டெய்லர்கள் மாதிரி அரை அங்குல உள்தையல் விடுகிற கஞ்சம் இல்லை. ஒன்றரை அங்குலம் விடுவேன். பெண்ணுடம்பு வளரும், தேயும், மறுபடி வளரும். அதற்குத் துணிக்குள் இடம் விட்டு வைக்க வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை. இந்தத் தெருவில் அளவு மாறாத ஒரே ரவிக்கை என்னுடையதுதான். அதை விடு. கணக்கைப் பார். பக்கத் தையலைக் கால் அங்குலம் பிரித்தால், முன்துணியில் கால், பின்துணியில் கால். இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. சுற்றளவில் ஒரு அங்குலம் கூடிவிடும். கால் அங்குலப் பொய்க்கு ஒரு அங்குலச் சந்தோஷம். இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்?

முதல் வாரமே பிரித்துவிட்டேன். பழைய நூலை உருவி எறிந்து, புது நூலில் ஓர் ஓட்டு. இஸ்திரி போட்டு மாட்டினேன்.

மறுவாரம் வந்தாள். போட்டாள். “அக்கா! கிட்ட வந்திருச்சு!”

“வராமல் என்ன செய்யும்?” என்றேன். நாடகத்தில் நடிக்கிறவர்கள் தோற்றார்கள்.

இப்படியே வாரம் ஒரு கால் அங்குலம். மாசி முடிவதற்குள் கீழ்க்கொக்கி ஒன்று மாட்டியது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் என்ன நினைத்தேன் என்றால், மனசு தெம்பானால் உடம்பு தானாக வழிக்கு வரும். எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதே. நல்ல புத்தகங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஆனால் எனக்கு வந்து சேர்ந்த தொல்லை வேறு. பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். “அக்கா, ரெண்டு நிமிஷம் பிடிங்க. தேங்காய் வாங்கிட்டு வந்துடுதேன்” என்பாள். இரண்டு நிமிஷமா? முக்கால் மணி நேரம். திரும்பி வரும்போது பார்த்தால் முகமெல்லாம் சிவந்து, தலையிலிருந்து வியர்வை ஒழுகும். தேங்காய் இருக்காது.

“எங்கடி தேங்காய்?”

“விலை ஜாஸ்திக்கா.”

பாவம், பிள்ளை பெற்றவளுக்கு மறதியும் படபடப்பும் இருக்கும். விலை கேட்டே இப்படி வியர்த்துவிடுகிறது. பங்குனியில் வாரம் மூன்று நாள் வர ஆரம்பித்தாள். திங்கள், புதன், வெள்ளி. ரவிக்கை மேல் அவ்வளவு ஆசை. காலில் ஷூ. சேலைக்குக் கீழே ஷூ! கேட்டால் குதிகால் வலி என்றாள். பிரசவத்துக்குப் பிறகு குதிகால் வலி வரும், நானும் படித்திருக்கிறேன். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை இருக்கிறதே, பெயரில்தான் நிறைமதி. மதி கொஞ்சமும் கிடையாது. நூல்கண்டைப் பிடித்து உருட்டிவிடும். ஒரு தடவை வாடிக்கைக்காரி கொடுத்த பட்டுத்துணியில் பாலைக் கக்கிவிட்டது. தையல் மெஷின் சத்தம் நின்றால் அழும். அது தூங்குவதற்காக நான் துணியே இல்லாமல் மெஷினை மிதித்திருக்கிறேன். மெஷின் ஓடும்போது நான் பழைய செய்யுள் சொல்வேன், அது என் வாயையே பார்க்கும். அர்த்தம் புரிந்த மாதிரி. வாடிக்கைக்காரிகளே அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. தொல்லை என்றால் தொல்லை.

ஒருநாள் தங்கபுஷ்பம் நேரே வந்துவிட்டாள். ரேகா தேங்காய்க்குப் போயிருக்கிற நேரம். பிள்ளை என் மடியில். மேஜையில் அந்த ரவிக்கை, ஒரு பக்கம் தையல் பிரித்தபடி விரிந்து கிடக்கிறது.

“எங்க அவ?”

“தேங்காய் வாங்கப் போயிருக்கிறாள்.”

“வீட்ல எட்டுத் தேங்காய் கிடக்கே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேங்காய்க்காக இல்லை. ரவிக்கையைப் பார்த்துவிட்டாளே, மருமகளிடம் போய் உடைத்துவிடுவாளே என்று.

“இது என்ன பிரிஞ்சு கிடக்கு?”

“பூச்சி அரித்திருக்கிறது அக்கா.”

“தையல் போன வழியிலேயே நேர்கோடாவா அரிக்கும்?”

“படித்த பூச்சி,” என்றேன். வேறென்ன சொல்ல?

தங்கபுஷ்பம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆவுடை, நீ அவளுக்கு என்னமோ உடந்தையா இருக்கே. என்னன்னுதான் பிடிபட மாட்டேங்கு” என்றாள். பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். பிள்ளை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. போய்விட்டாள். உள்ளபடியே நான் அவளுக்காக வருத்தப்பட்டேன். கொஞ்சம்தான்.

அடுத்த சங்கடம் இதைவிடப் பெரிது. ஆறு தடவை பிரித்தாகிவிட்டது. ஆறு கால் ஒன்றரை. உள்தையலில் துணி தீர்ந்தது. இனிப் பிரித்தால் ஓரம்தான். என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருக்கிறேன், அவள் போட்டுவிட்டு வெளியே வருகிறாள். “அக்கா, லொடலொடன்னு இருக்கு!”

பார்த்தால் உண்மைதான். இடுப்பில் இரண்டு விரல் போகிறது. துணி தளர்ந்துவிட்டது. பருத்தி அப்படித்தான், காலப்போக்கில் இழை தொய்யும். துவைக்கவே இல்லையே என்கிறாயா? தொங்கவிட்டிருந்தாலும் தொய்யும். நான் பதறிப்போய், அவள் போன பிறகு கால் அங்குலம் பிடித்துத் தைத்தேன். மறுவாரம் அதுவும் தளர்ந்தது. இன்னொரு கால் பிடித்தேன். பிரிப்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் ஓர் எழுத்துதான், பார்த்துக்கொள். இரண்டு மாதத்தில் பிரித்த அத்தனையையும் பிடித்து, வைகாசி நடுவில் தையல் பழைய கோட்டுக்கே வந்து நின்றது. அவ்வளவு மோசமான துணி அது. கடைக்காரன் பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவான்.

கண்ணுக்கு அவள் இளைத்த மாதிரிதான் தெரிந்தாள். ஆனால் கண்ணை நம்பித் தைக்கிறவள் நல்ல டெய்லர் இல்லை. நாடாவையோ எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆக, ஒரு பெண் முப்பத்துநாலு அங்குல உடம்பை வைத்துக்கொண்டு, இருபத்தெட்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், என் ஒருத்தியின் பொய்யால். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் மாதம், முதல் சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கதவைத் தட்டுகிறாள். கடைக்கு மேலேதான் என் வீடு. டி-ஷர்ட், கால்சட்டை, ஷூ.

“இன்னிக்குத்தான்க்கா ஓட்டம். தாளாளர் வந்துட்டார். இவளைப் பிடிங்க.”

“ரவிக்கை போட்டுப் பார்க்கவில்லையா?”

“வந்து பாக்கேன்,” என்று ஓடினாள்.

பள்ளிக்கூடத்துக்குச் சொந்த மைதானம் கிடையாது. விளம்பரத்தில் போடுவது இந்த மைதானத்தைத்தான், என் கடைக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே, அதை. நான் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. அங்கே பத்துப் பேர் முன்னால் மூச்சு வாங்கி, நடுவில் விழுந்து, ‘லைப்ரரில உக்காந்துக்கோங்க’ என்று அந்த மரியாதையான மனுஷன் சொல்லப் போகிறார். காரணம் நான். முன்கூட்டியே உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் நாள் கேட்டு வாங்கியிருப்பாள். பிள்ளையை இடுப்பில் வைத்தேன். செருப்புக்கூடப் போடவில்லை.

நான் போய்ச் சேரும்போது ஐந்து சுற்று முடிந்திருந்தது. தாளாளர் நாற்காலியில், கையில் கடிகாரம். பக்கத்தில் அந்தத் தற்காலிக மாஸ்டர். வேலியோரம் அவளுடைய பிள்ளைகள், பதினாறு பேரும், பல்கூடத் தேய்க்காமல் வந்த மாதிரி வாய்மூடி நிற்கிறார்கள். ரேகா வருகிறாள். முகம் சிவந்து, வாய் திறந்து. நான் கோட்டுக்குள் இறங்கிவிட்டேன்.

“ஏட்டி ரேகா! நில்லு! எல்லாம் பொய்!”

அவள் நிற்கவில்லை. நான் கூடவே ஓடினேன். ஐம்பத்திரண்டு வயது, சேலை, இடுப்பில் ஒன்பது கிலோ.

“ரவிக்கையை நான்தான் பிரிச்சேன்! வாரா வாரம் பிரிச்சேன்! நீ இளைக்கவே இல்லடி!”

“தெரியும்க்கா,” என்றாள் மூச்சுக்கு நடுவில். “மொத வாரமே தெரியும்.”

“என்னது?”

“ஊசித்துளை… வரிசையாத் தெரியுது… ஓரமாப் போங்க!”

அதற்குள் பிள்ளை அம்மாவைப் பார்த்துவிட்டது. பார்த்ததும் கையை நீட்டி வீறிட்டது பார், மைதானத்துக் காக்கையெல்லாம் எழுந்துவிட்டது. ரேகாவின் கால் தடுமாறியது. என் கண்ணால் பார்த்தேன், அவள் டி-ஷர்ட்டின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து, அந்த ஈரம் பரவியது. வியர்வை இல்லை. பிள்ளை அழுதால் பால் சுரக்கும், அதற்குத் தாளாளர் என்று பார்க்கத் தெரியாது. அந்த மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். வேலியோரம் ஒரு பிள்ளை, “டீச்சர், நிக்காதீங்க டீச்சர்!” என்று கத்தினாள். அப்புறம் பதினாறு பேரும்.

ரேகா ஒரு கணம், ஒரே கணம், எங்கள் பக்கம் திரும்பினாள். வேகம் குறைந்தது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“அக்கா! அவளைத் திருப்பிப் பிடிங்க! என்னைப் பாக்க விடாதீங்க!”

திருப்பிப் பிடித்தேன். பிள்ளையின் முகத்தை என் கழுத்தில் அழுத்திக்கொண்டு, காதில் எனக்குத் தெரிந்த செய்யுளையெல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவளுடைய ஷூ சத்தம் போயிற்று, வந்தது, போயிற்று, வந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில்தான் முடிந்தது என்று தெரிந்தது.

பதினொரு நிமிஷம் ஐம்பத்துமூன்று நொடி. ஏழு நொடி மிச்சம். நான் போகாமல் இருந்திருந்தால் இருபது நொடி மிச்சமாகியிருக்கும் என்று அந்த மாஸ்டர் அப்புறம் சொன்னானாம். அவனுக்கு என்ன தெரியும், ஹாக்கியே தெரியாதவன்.

தாளாளர் எழுந்து வந்தார். “வாழ்த்துகள்மா. திங்கட்கிழமை வந்திருங்க,” என்றார். பிறகு என்னைக் காட்டி, “கூட ஓடினாங்களே, இவங்க யாரு?”

“என் டெய்லர் சார்.”

அந்த மனுஷன் தன் சட்டைத் தையலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத்தான் அவளைவிட அதிகமாக மூச்சு வாங்கியது.

“தெரிந்தும் ஏன்டி சொல்லவில்லை? பன்னிரண்டு தடவை பிரிக்கவும் பிடிக்கவும் என் கண் போயிற்று.”

“சொல்லியிருந்தா அடுத்த வாரம் என்ன சொல்லிக்கிட்டுக்கா உங்க கடைக்கு வர்றது? டெய்லர் கடைன்னாத்தான் அத்தை விடுவாங்க.”

“எதற்கு வர வேண்டும், ரவிக்கையே பொய் என்று தெரிந்த பிறகு?”

அவள் என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் என் கடை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “நீங்க பி.லிட்தானேக்கா?” என்று கேட்டாள். சிரிப்பு அடங்கவே இல்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இன்று வரை எனக்குப் புரியவில்லை. அவள் ஓடிப் பழகியிருக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. பழகாமல் எட்டுச் சுற்று யாரும் ஓட முடியாது. எங்கே, எப்போது என்பதுதான் தெரியவில்லை. கேட்டால் சிரிக்கிறாள். எப்படியோ, மனசுக்குத் தெம்பு கொடுத்தது என் தையல்தான். பொய் என்று தெரிந்து போட்டால்கூட ரவிக்கை வேலை செய்யும் போலிருக்கிறது.

இப்போது அவள் பழையபடி டீச்சர். பதினாறு பெண்கள் இருபத்தொரு பேராகிவிட்டார்கள். தங்கபுஷ்பத்துக்கு யாரோ மைதானத்து விஷயத்தைச் சொல்ல, வந்து என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். கட்டி முடித்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். “இனிமே பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். உன்கிட்ட விட்டா செய்யுளைச் சொல்லிக் கெடுத்துருவே,” என்றாள். அதன்படியே பார்த்துக்கொள்கிறாள். காலையிலும் அவள்தான், சாயங்காலமும் அவள்தான். அதனால் ரேகா இங்கே வருவதில்லை. எப்போதாவது சேலைக்கு ஓரம் அடிக்க வருவாள், தனியாக. பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டதாம். முதல் அடியைத் தங்கபுஷ்பம் பார்த்திருக்கிறாள்.

கடை இப்போது சுத்தமாக இருக்கிறது. நூல்கண்டு வைத்த இடத்தில் இருக்கிறது. பட்டுத்துணிக்குப் பயமில்லை. வேலையும் வேகமாக நடக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கே முடிந்துவிடுகிறது. அப்புறம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று வெறுமனே மிதிக்கிறேன்.

சரி, எழுந்திரு. அளவெல்லாம் எழுதியாயிற்று. உனக்கு உள்தையல் இரண்டு அங்குலம் விடுகிறேன், யாருக்கும் விட்டதில்லை. உனக்கு எப்போது? புரட்டாசிக் கடைசியா? அப்படியானால் மார்கழியில் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். குளிர் என்று யோசிக்காதே, கடைக்குள் காற்று வராது. வாரம் ஒரு நாள் போதாது, மூன்று நாள் வா. நேரமாகும் என்று வீட்டில் சொல்லிவிடு, யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். தனியாக வராதே, பிள்ளையையும் கொண்டு வா.

ரவிக்கைக்காகத்தான் சொல்கிறேன்.